லோ சோடியம் உப்பு அப்பாவுக்குக் கொடுக்கலாமா? பிரஷர் மாத்திரையும் போடுகிறார்

கலா, அருப்புக்கோட்டை

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 66 வயது. பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பிரஷர் வந்து பல வருஷம் ஆச்சு. காலையில் டெல்மிசார்டன் 40, ராத்திரி அம்லோடிபின் 5. மாத்திரையைத் தவறவிடுகிற ஆள் இல்லை. அப்படியும் வீட்டு மெஷினில் பார்த்தால் 150-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. போன வாரம் 152/90. சுகர் இல்லை. பீடி சிகரெட் கிடையாது. ஆனால் தாத்தாவுக்கு ஏறக்குறைய இதே வயதில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, அதற்கப்புறம் அவர் எழுந்து நடக்கவே இல்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். அம்மாவும் குறைத்துப் பார்த்தாள். அப்பா ஒரு வாய் சாம்பார் சாதம் வைத்துவிட்டு ஊறுகாய் ஜாடியைத் தேடுகிறார். ஜாடியை ஒளித்துவைத்தால் அரைத் தட்டுச் சாதத்தோடு கை கழுவிவிடுகிறார். அதற்கு மேல் அம்மாவுக்கு மனசு கேட்பதில்லை.

இங்கே ஒரு சூப்பர் மார்க்கெட்டில் லோ சோடியம் என்று போட்ட உப்புப் பாக்கெட் பார்த்தேன். சாதா உப்பைப் போல இரண்டு மடங்கு விலை. சித்தப்பா "அதெல்லாம் வேண்டாம், இந்துப்பு வாங்கு, பிரஷரே வராது" என்கிறார். சித்தி "அந்த லோ சோடியம் உப்பு கிட்னியைத் தின்றுவிடும்" என்கிறாள். இரண்டு பேருக்கும் ஆதாரம் வாட்ஸ்அப்தான்.

இதைப் பற்றி ஒழுங்கான ஆராய்ச்சி நடந்திருக்கிறதா? பிரஷர் நம்பரைக் கொஞ்சம் இறக்கிக் காட்டுவதோடு சரியா, இல்லை மாரடைப்பும் பக்கவாதமும் நிஜமாகவே குறைகிறதா? வீட்டில் நாங்கள் மூணு பேர், ஒரே அடுப்பு. அப்பாவுக்கென்று தனியாகச் சமைக்க வழியில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

முருகேசன், தேனி

கலா, நாங்கள் நாலஞ்சு வருஷமாக வீட்டில் இந்துப்புதான். மலையிலிருந்து வெட்டி எடுப்பது, கெமிக்கல் கிடையாது. எங்கள் அப்பாவுக்குப் பிரஷர் நார்மலாக இருக்கிறது. சித்தப்பா சொல்வது சரிதான் என்று எனக்குப் படுகிறது. சீக்கிரம் நல்லாகட்டும்.

---

சுகந்தி, மதுரை

கலா, உன் கடைசிக் கேள்வியைத்தான் என்னிடம் வருகிறவர்கள் யாரும் கேட்பதில்லை. நான் டயட்டீஷியன். "இதைச் சாப்பிட்டால் பிரஷர் இறங்குமா?" என்பதோடு எல்லாரும் நின்றுவிடுவார்கள். பிரஷர் இறங்குவது வேறு, ஆள் படுத்த படுக்கையாகாமல் இருப்பது வேறு. உப்பை மாற்றினால் அந்த இரண்டாவது விஷயமும் நடக்கிறதா என்று பார்த்த பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அது வெளிவந்த பிறகு நான் நோயாளிகளிடம் உப்பைப் பற்றிப் பேசுகிற விதமே மாறிவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

வட சீனாவில் ஐந்து மாகாணங்களில் 600 கிராமங்கள், மொத்தம் 20,995 பேர். ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களையும், 60 வயது தாண்டி பிரஷர் கட்டுக்குள் வராதவர்களையும்தான் சேர்த்தார்கள். சராசரி வயது 65. மாத்திரை போட்டும் 140-க்கு மேல் நிற்கிற உன் அப்பா அந்த ஊர்க்காரராக இருந்தால் அவரையும் சேர்த்திருப்பார்கள். பாதிக் கிராமங்களுக்கு 75 பங்கு சாதா உப்பும் 25 பங்கு பொட்டாசியம் குளோரைடும் கலந்த மாற்று உப்பை இலவசமாகக் கொடுத்தார்கள். நாம் பேசுகிற லோ சோடியம் உப்பும் இந்த மாதிரிக் கலவைதான். தட்டில் தூவிக்கொள்ள மட்டும் இல்லை. வீட்டில் எல்லாருடைய சமையலுக்கும், காய் ஊறப் போடவும் போதுகிற அளவு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 20 கிராம் கணக்கில். மீதிப் பாதிக் கிராமங்கள் வழக்கமான உப்பிலேயே இருந்தன. எந்த ஊருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில்தான் முடிவு செய்தார்கள். நடத்தியது ஆஸ்திரேலியாவின் ஜார்ஜ் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த புரூஸ் நீலும் சீன ஆய்வாளர்களும். ஐந்து வருஷத்துக்குச் சற்றுக் குறைவாகத் தொடர்ந்து கவனித்து, 2021 ஆகஸ்டில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியிட்டார்கள்.

சாதா உப்புக் கிராமங்களில் ஆயிரம் பேருக்கு வருஷத்துக்கு 33.65 பக்கவாதம், மாற்று உப்புக் கிராமங்களில் 29.14. அதாவது 14 சதவீதம் குறைவு. இறப்பு 44.61-லிருந்து 39.28-க்கு இறங்கியது, 12 சதவீதம். மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் சேர்த்த கணக்கில் 13 சதவீதம். புது மாத்திரை இல்லை, ஊசி இல்லை. அரிசி, காய், எண்ணெய் எதையும் மாற்றச் சொல்லவில்லை. உப்பு டப்பாவில் இருப்பதை மட்டும் மாற்றினார்கள். இதை முதல் தடவை படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் வீடுகளில் எத்தனை தாத்தாக்கள் ஒரு பக்கம் விழுந்து கிடந்து போயிருக்கிறார்கள்!

இத்தனைக்கும் மேல் பிரஷர் இறங்கியது சராசரியாக 3.3 புள்ளிதான். உன் வீட்டு மெஷினில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. இன்றைக்கு 152, நாளைக்கு 147, மறுநாள் 155 என்று அதுபாட்டுக்கு ஆடும். ஆனால் சின்னதாகக் குறைந்தாலும் அது வருஷக்கணக்கில் நிலைத்தால் பலன் உண்டு. பிரஷர் மருந்து ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டிப் பார்த்து 2021-ல் லான்செட்டில் வந்த கணக்குப்படி, மேல் பிரஷர் (152/90 என்றால் அந்த 152) 5 புள்ளி குறைந்தாலே பெரிய இதய, ரத்தக்குழாய் நோய்கள் 10 சதவீதம் குறைகின்றன. அதனால் ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு "நம்பர் இறங்கவில்லையே" என்று டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடாதே.

இன்னொன்றும் கவனி. அந்தக் கிராமத்துக்காரர்களின் சிறுநீரைச் சோதித்ததில் சோடியம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 350 மில்லிகிராம்தான் குறைந்திருந்தது. பொட்டாசியம் 800 மில்லிகிராம் கூடியிருந்தது. பாதிக்கு மேற்பட்ட வேலையைப் பொட்டாசியம்தான் செய்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். ரத்தத்தில் பொட்டாசியம் போதுமான அளவு இருந்தால், சிறுநீரகம் சோடியத்தைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்வதைக் குறைத்துக்கொண்டு வெளியே அனுப்பிவிடுகிறது. கீரை, வாழைப்பழம், பயறு, இளநீர் எல்லாம் பிரஷருக்கு நல்லது என்று சொல்வது இதனால்தான். சிறுநீரகம் நன்றாக இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் இது பொருந்தும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

"சீனாக்காரன் சாப்பாடு வேறு, நம் சாப்பாடு வேறு" என்று கேட்பார்கள். வேறுதான். ஆனால் ஒரு விஷயத்தில் நாமும் அவர்களும் ஒன்று. அமெரிக்காவில் உப்பில் பெரும்பங்கு பாக்கெட் உணவிலும் ஓட்டல் உணவிலும் உள்ளே போகிறது. அங்கே வீட்டு உப்பு டப்பாவை மாற்றிப் பெரிய பிரயோஜனம் இல்லை. நம் வீடுகளில் உப்பு போடுவது அம்மாவின் கை. அந்தக் கை தொடுகிற டப்பாவை மாற்றினால் சாம்பார், ரசம், பொரியல், இட்லி மாவு எல்லாமே மாறிவிடுகிறது. தெலங்கானாவில் சித்திப்பேட்டைப் பக்கம் 7 கிராமங்களில், பிரஷர் உள்ள 502 பேரிடம் 70-க்கு 30 கலந்த உப்பை மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். மேல் பிரஷர் 4.6 புள்ளி இறங்கியது. புளியும் காரமும் நம்மைப் போலவே சாப்பிடுகிற ஊர் அது. ருசி பிடிக்கவில்லை என்ற பிரச்சினை பெரிதாக எழவில்லை. சீனாவிலும் கடைசி வருஷத்தில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அதே உப்பில்தான் இருந்தார்கள்.

முருகேசன் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அப்பா நன்றாக இருப்பது ரொம்ப சந்தோஷம். ஆனால் இந்துப்பு பாக்கெட்டைத் திருப்பி நூறு கிராமுக்கு எவ்வளவு சோடியம் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். 38 கிராம் பக்கம் இருக்கும். தூத்துக்குடி உப்பிலும் 38, 39தான். மலையிலிருந்து வந்தாலும் கடலிலிருந்து வந்தாலும் அது சோடியம் குளோரைடு. இளஞ்சிவப்பு நிறம் தருகிற தாதுக்கள் ரொம்பச் சொற்பம், பிரஷருக்கு ஆகிற அளவில் இல்லை. பல இந்துப்பு பாக்கெட்டுகளில் அயோடினும் இருக்காது. மருந்து மாதிரி நினைத்துக்கொண்டு இரண்டு சிட்டிகை கூடவே போடுகிறவர்களைத்தான் நான் வாராவாரம் பார்க்கிறேன்.

கலா, கடைக்குப் போகும்போது பாக்கெட்டின் முன்பக்கத்தை நம்பாதே. பின்பக்கம் "பொட்டாசியம் குளோரைடு" என்று எழுதியிருக்க வேண்டும், நூறு கிராமில் சோடியம் 30 கிராம் பக்கமாவது இறங்கியிருக்க வேண்டும், அயோடின் சேர்த்ததாக இருக்க வேண்டும். சிலது 15 சதவீதம்தான் குறைவாக இருக்கும்; அதற்கு இரட்டை விலை கொடுப்பது வீண்.

இப்போது உன் சித்தி. அவர் பயத்தை ஒதுக்கிவிட முடியாது. உப்பு கிட்னியைத் தின்னாது. ஆனால் கிட்னி ஏற்கெனவே பழுதாகியிருந்தால் இந்த உப்பில் உள்ள பொட்டாசியம் வெளியேறாமல் ரத்தத்தில் தேங்கும். அது இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடும். டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகளும் பொட்டாசியத்தைக் கொஞ்சம் பிடித்துவைக்கும். சீன ஆய்வில் இந்த மாத்திரைகள் போடுகிறவர்களும் இருந்தார்கள். ஆனால் சிறுநீரகம் மோசமாகப் பாதித்தவர்களையும், ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி பொட்டாசியத்தை நிறுத்திவைக்கிற நீர் மாத்திரை போடுகிறவர்களையும், அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால்கூட, சேர்க்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் பொட்டாசியம் கலந்த உப்பைப் பரிந்துரைத்தபோதும் கர்ப்பிணிகள், குழந்தைகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், பொட்டாசியம் வெளியேறத் தடை உள்ளவர்கள் ஆகியோரை விலக்கித்தான் சொன்னது. அதனால் அப்பாவுக்கு கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற ரத்தப் பரிசோதனை), ரத்தத்தில் பொட்டாசியம், சிறுநீரில் புரதம் மூன்றும் பார்த்துவிட்டு, அந்தச் சீட்டோடு டாக்டரிடம் கேள். அதற்கு முன்னால் பாக்கெட்டைப் பிரிக்காதே.

---

ரஃபீக், திருநெல்வேலி

சுகந்தி அக்கா சொன்ன கடைசிப் பத்தியைத் தயவுசெய்து எல்லாரும் இரண்டு தடவை படியுங்கள். நான் டயாலிசிஸ் டெக்னீஷியன்.

எங்கள் யூனிட்டுக்கு வருகிற ஒரு பெரியவர். வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அவர் மகன் வெளியூரில் வேலை. ஊருக்கு வந்தபோது அப்பா மேல் உள்ள பாசத்தில் லோ சோடியம் உப்பு வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். "பிரஷருக்கு நல்லது" என்று பாக்கெட்டிலேயே போட்டிருந்ததாம். அடுத்த முறை அவரை வீட்டுக்காரர்கள் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள், கால் இரண்டும் துவண்டுவிட்டது. இசிஜி எடுத்தால் டி அலை உயர்ந்து கூர்மையாக நிற்கிறது. பொட்டாசியம் 7-ஐத் தாண்டிவிட்டது. உடனே கால்சியம் குளுக்கோனேட் ஊசி போட்டு, மெஷினில் ஏற்றினோம். பிழைத்துக்கொண்டார், அல்ஹம்துலில்லாஹ். அந்த மகன் வராந்தாவில் நின்று அழுததை என்னால் மறக்க முடியாது. அவர் பேரில் என்ன தப்பு? பாக்கெட்டில் எச்சரிக்கை இருந்தது. பொடி எழுத்தில், இங்கிலீஷில், மடிப்புக்குள்.

எங்கள் நோயாளிகளுக்குக் காயையே நறுக்கித் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரில் வேகவைக்கச் சொல்கிறோம், பொட்டாசியம் போகட்டும் என்று. இளநீர் தொடக்கூடாது. அப்படிப்பட்டவர்களுக்கு இந்த உப்பு விஷம்தான்.

இன்னொரு கவலை. கிட்னி கெட்டது தெரிந்தவர்கள் ஜாக்கிரதையாக இருப்பார்கள். தெரியாதவர்களை நினைத்தால்தான் பயம். பிரஷரும் சுகரும் வருஷக்கணக்கில் இருந்து, ஒரு தடவைகூட கிரியேட்டினின் பார்க்காமல், கால் வீங்கி மூச்சு வாங்கியபிறகு முதல் முறையாக எங்களிடம் வருகிறவர்கள் நிறையப் பேர். டெஸ்ட் ஒன்றும் பெரிய செலவு இல்லை, அரசு ஆஸ்பத்திரியிலேயே பார்க்கலாம்.

கலா, அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டா? மெடிக்கலில் சொல்லி டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை வாங்கிப் போடுகிறாரா? கேட்டுப் பாருங்கள். டெல்மிசார்டன், வலி மாத்திரை, பொட்டாசியம் உப்பு மூன்றும் ஒரே உடம்பில் சேர்வது நல்லதில்லை.

---

பாலு, கோயம்புத்தூர்

புள்ளியியல் படித்தவன் என்கிற முறையில் சுகந்தி அவர்களிடம் மூன்று கேள்வி. ஒன்று, அந்தச் சீன ஆய்வில் யாருக்கு எந்த உப்பு என்பது எல்லாருக்கும் தெரியும். மறைத்துச் செய்யவில்லை. அது முடிவைப் பாதிக்காதா? இரண்டு, அவர்கள் ஒழுங்காக ரத்தப் பரிசோதனை செய்து பொட்டாசியத்தைக் கண்காணிக்கவில்லை என்று படித்தேன். அப்படியானால் "ஆபத்து இல்லை" என்று எப்படிச் சொல்வது? மூன்று, நோய் இல்லாத 30, 40 வயதுக்காரர்களுக்கு இதில் ஏதாவது இருக்கிறதா? விதண்டாவாதத்துக்குக் கேட்கவில்லை. என் வீட்டிலும் மாற்றலாமா என்று யோசிக்கிறேன்.

---

சுகந்தி, மதுரை

ரஃபீக், நீங்கள் எழுதியதைப் பிரின்ட் எடுத்து என் மேஜையில் ஒட்டிவைக்கப் போகிறேன். வலி மாத்திரை விஷயம் ரொம்ப முக்கியம்.

பாலு சார், நல்ல கேள்விகள். உப்பை மறைத்துக் கொடுக்கவில்லை என்பது உண்மை. தலைவலி குறைந்ததா, உடம்பு தெம்பாக இருக்கிறதா என்று கேட்டு எழுதுகிற ஆய்வாக இருந்தால் நானும் சந்தேகப்படுவேன். இங்கே எண்ணியது சாவை. எந்த உப்பு என்று தெரிந்ததால் ஒருவர் சாகாமல் இருந்துவிட மாட்டார். நாலாயிரத்துக்கு மேல் இறப்பு, மூவாயிரத்துக்கு மேல் பக்கவாதம் பதிவானது, எண்ணிக்கை சின்னதில்லை. பக்கவாதம்தானா என்று முடிவு செய்த குழுவுக்கு யார் எந்தக் கிராமம் என்று சொல்லவில்லை.

பொட்டாசியம் பற்றி நீங்கள் சொல்வது சரி. எல்லாருக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. பொட்டாசியம் கூடியதால் வந்த கடுமையான பாதிப்புகளை எண்ணினார்கள்: ஆயிரம் பேருக்கு வருஷத்துக்கு 3.35-க்கு 3.30, இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுதான். சீனாவிலேயே 48 முதியோர் இல்லங்களில் நடந்து 2023-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வில் ரத்தத்தில் அளந்து பார்த்தார்கள். பொட்டாசியம் உயர்வது மாற்று உப்புப் பக்கம் கூடுதலாகத்தான் இருந்தது. ஆனால் அதனால் தீங்கு நேர்ந்ததாகத் தெரியவில்லை. மேல் பிரஷர் 7 புள்ளி இறங்கியது. இதை வைத்து "கண்ணை மூடிக்கொண்டு எல்லாரும் வாங்கு" என்று நான் சொல்ல மாட்டேன். அந்த இல்லங்களில் கவனித்துக்கொள்ள ஆள் இருக்கிறார்கள். நம் ஊரில் கிட்னி நிலவரம் தெரியாமல் நடமாடுகிறவர்களைப் பற்றி ரஃபீக் சொன்னாரே, அந்தப் பயம் எனக்கும் உண்டு. டெஸ்ட் பார்த்துவிட்டு மாற்றுங்கள் என்று நான் அடித்துச் சொல்வதன் காரணம் அதுதான்.

நோயில்லாதவர்கள் விஷயத்தில் பெருவைப் பார்க்கலாம். அங்கே தும்பெஸ் என்கிற பகுதியில் ஆறு கிராமங்களில் 18 வயது தாண்டிய எல்லாருக்குமே, கடைகள், சாப்பாட்டுக் கடைகள் உட்பட, 75-க்கு 25 உப்பைக் கொண்டுவந்தார்கள். 2020-ல் முடிவு வந்தது. ஏற்கெனவே பிரஷர் இல்லாதவர்களுக்குப் புதிதாகப் பிரஷர் வருவது பாதியாகக் குறைந்தது. மாரடைப்பு குறைந்ததா என்று காட்டுகிற அளவுக்கு அது பெரிய ஆய்வு இல்லை. உங்கள் வீட்டில் யாருக்கும் சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால், 40 வயதில் மாற்றுவதை நான் தடுக்க மாட்டேன். ஆனால் அதைவிட முதலில் உப்பு மொத்தமாக எவ்வளவு போகிறது என்று பாருங்கள். மூன்று பேர் உள்ள வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் ஒரு மாதத்தில் காலியானால் தலைக்கு ஒரு நாளைக்கு 11 கிராம். இருக்க வேண்டியது 5 கிராமுக்குள், அதாவது மட்டமாக ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், மிக்சர் இதெல்லாம் அந்தக் கணக்குக்கு வெளியே. மாற்று உப்பு வாங்கிவிட்டோம் என்று கூட ஒரு கை போட்டால் எல்லாம் போச்சு.

விலைதான் எனக்கு ஆறாத வருத்தம். சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் நகரில் 300 கடைகளில் பார்த்ததில் 28 சதவீதக் கடைகளில்தான் இந்த உப்பு இருந்தது. சூப்பர் மார்க்கெட்டில் பாதிக்குப் பாதி, சின்ன மளிகைக் கடையில் 4 சதவீதம். அப்போது விலை நூறு கிராம் 5 ரூபாய் 60 பைசாவாக இருந்தது. சாதா அயோடின் உப்பு 2 ரூபாய் 70 பைசா. பக்கவாதத்தால் முதலில் நொறுங்குவது கூலி வேலை பார்க்கிற குடும்பம். அந்தக் குடும்பம் சாமான் வாங்குகிற கடையில் இது கிடைப்பதே அபூர்வம். வீட்டுக்கே பிரஷர் மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிற மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் நம்மிடம் 2021-லிருந்து இருக்கிறது. கிட்னி நன்றாக இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் பையிலேயே ஒரு உப்புப் பாக்கெட்டையும் வைத்துக் கொடுத்தால் என்ன என்று நான் போகிற கூட்டங்களில் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் கேட்பேன்.

---

முருகேசன், தேனி

அக்கா, பாக்கெட்டைப் பார்த்தேன். 38.4 கிராம் என்று போட்டிருக்கிறது. அயோடின் இல்லை. அப்பாவுக்கு இந்த மாதம் கிரியேட்டினின் பார்த்துவிடுகிறேன். நன்றி.

---

கலா, அருப்புக்கோட்டை

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. டெஸ்ட் பார்த்துவிட்டோம். கிரியேட்டினின் 0.9, பொட்டாசியம் 4.3, சிறுநீரில் புரதம் இல்லை.

ரஃபீக் அண்ணன் கேட்டது நூற்றுக்கு நூறு சரியாகிவிட்டது. அப்பா முழங்கால் வலிக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார், எங்களுக்கே தெரியாது. சட்டைப் பையில் அட்டை இருந்தது. டாக்டர் அதைப் பார்த்ததும், "பிரஷர் இறங்காததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும்" என்று சொல்லி, உடனே நிறுத்திவிட்டு வலிக்கு மேலே தடவுகிற மருந்தும் பிசியோதெரபியும் எழுதிக் கொடுத்தார். உப்பை மாற்றலாம், ஒரு மாதத்தில் திரும்பவும் பொட்டாசியம் பார்க்க வேண்டும், பிரஷர் மாத்திரையில் கை வைக்கக் கூடாது என்றார்.

அம்மா அந்த உப்பில் புளிக்குழம்பு வைத்தாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, இரண்டாவது தடவை வாங்கிப் போட்டுக்கொண்டார். தயிர் சாதத்தில் மட்டும் "லேசாகக் கசக்கிறதே" என்றார்.

இப்போது புதுச் சிக்கல். தங்கைக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு இங்கே வருகிறாள். கர்ப்பிணிகளுக்கு இந்த உப்பு வேண்டாம் என்று சுகந்தி அக்கா எழுதியிருந்தீர்களே. ஒரே சமையல்தான் எங்களுக்கு. என்ன செய்வது?

---

சுகந்தி, மதுரை

முதலில் தங்கைக்கு என் வாழ்த்து. ரிசல்ட் பார்த்து மனசு நிறைந்துவிட்டது கலா. அந்த வலி மாத்திரையைக் கண்டுபிடித்ததே அப்பாவுக்குப் பெரிய காரியம்.

கர்ப்பிணிகளுக்கு இந்த உப்பு கெடுதல் செய்யும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. அவர்களை வைத்துப் போதிய ஆய்வு இல்லை என்பதால்தான் விலக்கியிருக்கிறார்கள். சந்தேகம் இருக்கும்போது வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு எதற்கு? அவள் சாதா அயோடின் உப்பிலேயே இருக்கட்டும். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அயோடின் வேண்டும், அதனால் அவளுக்கு இந்துப்பும் வேண்டாம். யாராவது சொந்தக்காரர்கள் பரிந்து வாங்கி வருவார்கள், வாங்கி ஓரமாக வைத்துவிடுங்கள். அவளுக்குப் பிரஷர் கூடினாலோ கால், முகம் வீங்கினாலோ உப்பில் வைத்தியம் பார்க்காமல் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

சமையலுக்கு வழி இருக்கிறது. குழம்பு, ரசம், பொரியல் எல்லாவற்றையும் உப்பில்லாமல் கொதிக்க வைத்து, இறக்குவதற்கு முன்னால் தங்கையின் பங்கைச் சின்னப் பாத்திரத்தில் எடுத்து அதில் சாதா உப்பைப் போட்டு ஒரு கொதி விடச் சொல். மீதியில் அப்பாவின் உப்பு. இட்லி மாவையும் அரைத்ததும் இரண்டாகப் பிரித்து உப்புப் போடலாம். தயிர் சாதம், மோர் மாதிரி புளியும் காரமும் இல்லாத இடத்தில்தான் கசப்பு தெரியும். அதில் அப்பாவுக்கு உப்பைப் பாதியாகக் குறைத்து, இஞ்சி, கறிவேப்பிலை, பச்சை மிளகாய் நசுக்கிப் போடச் சொல். ஊறுகாயை ஒரேயடியாக நிறுத்தினால் அவர் மறுபடியும் தட்டை ஒதுக்குவார். எலுமிச்சங்காயை இந்த உப்பில் கொஞ்சமாகப் போட்டு, ஃபிரிட்ஜில் வைத்து, மதியம் ஒரு துண்டு கொடுக்கட்டும்.

அம்மாவிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடு. இரண்டு உப்பும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். வேறு வேறு நிற மூடி உள்ள டப்பாவில் போட்டு, மேலே பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். வளைகாப்புக்கு உதவ வருகிற பெண்கள் அடுப்படியில் புழங்குவார்கள், அவர்களுக்கும் தெரிய வேண்டும். அடுத்த மாதம் பொட்டாசியம் பார்த்ததும் இங்கேயே எழுது.